3டி படத்துக்கு முதலில் வெளிச்சம் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முப்பரிமாணப் படம் என்பது கூடுதல் காசு பறிக்கும் கண்கட்டு வித்தை, அதில் கலைக்கு இடமே இல்லை என்று உங்கள் சினிமா பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். கண்ணாடிக்குத் தனிக் கட்டணம், மங்கலான படம், இடைவேளைக்குள் தொடங்கிவிடும் தலைவலி என்று கட்டுரையாளர் அடுக்கும் புகார்கள் எல்லாம் நிஜம். பழியை 3டி மேல் போடுவதைத்தான் ஏற்க முடியவில்லை. இந்தக் குறைகள் ஒவ்வொன்றிலும் யார் எங்கே கோட்டை விட்டார்கள் என்று அளந்தே சொல்லிவிடலாம்.

தலைவலியை எடுத்துக்கொள்வோம். நம் இரு கண்களுக்கும் இடையே சராசரியாக 65 மில்லிமீட்டர் இடைவெளி. திரையில் இடக்கண்ணுக்கான படமும் வலக்கண்ணுக்கான படமும் எவ்வளவு விலகி விழுகின்றன என்பதை வைத்துத்தான் மூளை ஆழத்தைக் கணிக்கிறது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் பொருள் திரையிலேயே நிற்கும். வலக்கண் படம் வலப்பக்கம் நகர்ந்தால் திரைக்குப் பின்னே போகும். இடப்பக்கம் தாண்டினால் முன்னே வரும். பின்னே போகும் விலகல் 65 மி.மீ.யைத் தாண்டினால் கண்கள் வெளிப்புறமாக விரிய வேண்டும். நிஜ வாழ்க்கையில் எதைப் பார்க்கவும் நம் கண்கள் அப்படி விரிவதில்லை. வலி அங்கேதான் ஆரம்பம்.

12 மீட்டர் அகலத் திரையில் 2கே படம் (அகலத்தில் சுமார் 2,000 பிக்சல், அதாவது படப்புள்ளி) ஓடினால் ஒரு பிக்சல் ஏறக்குறைய 6 மி.மீ. அப்படியானால் மிகத் தொலைவில் தெரிய வேண்டிய தொடுவானத்துக்குக் கிடைக்கும் விலகல் மொத்தமே 11 பிக்சல். அதே படத்தை 18 மீட்டர் திரையில் போட்டால் அந்த 11 பிக்சல் 97 மி.மீ. ஆகிவிடும். ஒரு மீட்டர் அகல டிவியில் 5 மி.மீ. சொச்சம்தான், ஆழம் அநேகமாகத் தட்டையாகிவிடும். எனவே படம் ஓடப்போகும் திரைகளில் மிகப் பெரியது எது என்று தெரிந்துகொண்டுதான் படப்பிடிப்பில் கேமராக்களின் இடைவெளியை வைக்க வேண்டும். மிக அருகில் இருக்கும் பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு என்பது பழைய கைக்கணக்கு. நடிகர் 3 மீட்டரில் நின்றால் 10 செ.மீ., 60 செ.மீ.க்கு வந்தால் 2 செ.மீ. பெரிய கேமராக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 2 செ.மீ.க்கு நெருக்க முடியாது என்பதால், பாதி ஒளியை விட்டுப் பாதியைப் பிரதிபலிக்கும் கண்ணாடியை 45 டிகிரியில் நிறுத்தி, ஒரு கேமரா அதன் ஊடாகவும் இன்னொன்று அதில் விழும் பிம்பத்தையும் பார்க்கும் ரிக் என்ற அமைப்பைப் பயன்படுத்துகிறார்கள். இதில் ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம் போய்விடும். அதைவிடத் தொல்லை, தண்ணீர், கார் பானட், ஈர இலை போன்றவற்றின் பளபளப்பை அந்தக் கண்ணாடி இரு கேமராவுக்கும் ஒரே மாதிரி தராது. ஒரு கண்ணுக்கு மின்னுவது மறு கண்ணுக்கு மின்னாது. சரிசெய்யாமல் விட்டால் பார்வையாளருக்குக் காரணம் தெரியாமலே கண் உறுத்தும்.

1953, 54-இல் ஹாலிவுட்டில் 3டி அலை எழுந்து சட்டென்று அடங்கியதற்கு ரசிகர்களின் சலிப்பு மட்டும் காரணமல்ல. அப்போது இரண்டு பிரிண்டுகள், இரண்டு புரொஜெக்டர்கள், இரண்டும் இம்மி பிசகாமல் ஒன்றாக ஓட வேண்டும். ஒரு பிரிண்ட் அறுந்து இரண்டு ஃபிரேம் வெட்டி ஒட்டினால் மற்றதிலும் அதே இரண்டு ஃபிரேமை வெட்ட வேண்டும். வெட்ட மறந்தால் மீதி ரீல் முழுவதும் கண்ணுக்குச் சித்திரவதை. 1984-இல் நவோதயா நிறுவனத்தின் மலையாளப் படம் 'மை டியர் குட்டிச்சாத்தான்' வந்தபோது ஒரே பிரிண்டில் இரு கண்களின் படங்களும் மேலும் கீழுமாக இருந்தன. ஒரு புரொஜெக்டர் போதும். ஆனால் அந்த முறையில் ஆபரேட்டர் பிரேமிங்கை, அதாவது திரையில் படம் விழும் இடத்தை, பாதிப் படம் தள்ளி வைத்துவிட்டால் இடக்கண் படம் வலக்கண்ணுக்குப் போய்விடும். பின்னால் இருப்பது முன்னாலும் முன்னால் இருப்பது பின்னாலும் தெரியும். அடுத்த ஆண்டே தமிழில் 'அன்னை பூமி' 3டியில் வந்தது. பிறகு நீண்ட இடைவெளி.

கலை எங்கே என்று கேட்கிறார் கட்டுரையாளர். 1954-இல் ஹிட்ச்காக் எடுத்த 'டயல் எம் ஃபார் மர்டர்' பெரும்பாலும் ஒரே வீட்டுக்குள் நடக்கும் கதை. விளக்கு, பாட்டில், நாற்காலி முதுகு என்று எதையாவது கேமராவுக்கு முன்னால் வைத்து, ஆட்களை அவற்றுக்குப் பின்னால் நடமாட விடுகிறார். ரசிகரை நோக்கி எதையும் எறிவதில்லை. கழுத்து நெரிக்கப்படும் கிரேஸ் கெல்லியின் கை, கத்தரிக்கோலைத் தேடி நம் பக்கம் நீளும்போதுதான் திரையைத் தாண்டுகிறது. அதுவரை சேமித்துவைத்ததால்தான் அந்தக் கைக்கு அவ்வளவு பலம்.

இன்னொரு உதாரணம் நமக்குக் கொஞ்சம் நெருக்கமானது: புதுச்சேரிப் பையனின் கதையான 'லைஃப் ஆஃப் பை' (2012). 3டியில் பொல்லாத தவறு ஒன்று உண்டு. திரைக்கு முன்னால் மிதக்கும் பொருளைத் திரையின் ஓரம் வெட்டக் கூடாது. வெட்டினால், பொருள் முன்னால் என்று ஒரு குறிப்பும், ஓரம் அதை மறைப்பதால் பின்னால் என்று இன்னொரு குறிப்பும் மூளைக்குப் போய்ச் சண்டை வரும். இதற்கு வைத்தியமாக, ஒரு கண்ணின் படத்தில் மட்டும் பக்கவாட்டில் மெல்லிய கறுப்புப் பட்டை வைத்து, திரைச் சட்டத்தையே சற்று முன்னுக்கு இழுப்பார்கள். பெரும்பாலோர் அதைக் கவனிப்பதே இல்லை. இயக்குநர் ஆங் லீ, பறக்கும் மீன்கள் வரும் காட்சியில் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகளைப் பட்டவர்த்தனமாகவே வைத்து, மீன்களை அந்தப் பட்டைகளின் மேலேயே பாய விட்டார். மீன் படத்தைவிட்டே வெளியே வந்தது போலத் தெரிவது இதனால்தான். தட்டைப் படத்தில் இந்தக் காட்சிக்கு இந்த வேகம் கிடையாது.

கேமராவிலேயே 3டியில் எடுத்தால் அசல், பின்னர் மாற்றினால் போலி என்ற கட்சியும் எங்களுக்கு இல்லை. 'கிராவிட்டி' (2013) பெரும்பகுதி பின்னர் மாற்றப்பட்டதே. ஆனால் ஆழம் முதலிலேயே திட்டமிடப்பட்டது. 2010-இல் 'கிளாஷ் ஆஃப் த டைட்டன்ஸ்' படத்தைச் சுமார் பத்து வாரத்தில் அவசரமாக மாற்றினார்கள்; ஆட்கள் அட்டையில் வெட்டி ஒட்டியது போல நின்றார்கள். மாற்றும் வேலையில் ஒவ்வொரு உருவத்தையும் ஃபிரேம் ஃபிரேமாக ரோட்டோ செய்து, அதாவது ஓரம் வரைந்து, பிரிக்க வேண்டும். உருவத்தை நகர்த்தியதும் பின்னால் திறக்கும் ஓட்டையை நிரப்ப வேண்டும். தலைமுடி, புகை, மழை, கண்ணாடி டம்ளர் ஆகிய நான்கும்தான் ஆளைக் கொல்லும். படப்பிடிப்பின்போதே நடிகர்கள் இல்லாத கிளீன் பிளேட் எடுத்துவைத்தால் பாதி வேலை மிச்சம். ரிலீசுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது 3டி என்று முடிவெடுப்பவர்களிடம் அது எப்படி இருக்கும்?

நம் படங்களுக்கே உரிய சிக்கல் இன்னொன்று. தூரத்துப் பொருளை அருகில் காட்டும் டெலி லென்ஸில் எடுத்த குளோசப்பும் ஒரு நொடிக்கு ஒரு கட்டும் நம் சண்டைக் காட்சியின் இலக்கணம். டெலி லென்ஸ் முகத்தைத் தட்டையாக்கி அடுக்கடுக்காக நிறுத்தும். ஒவ்வொரு கட்டிலும் கண் புதிய ஆழத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் அடுத்த கட் வந்துவிடும். வைட் லென்ஸ், நீண்ட ஷாட், அடுத்தடுத்த ஷாட்களின் ஆழத்தை ஒன்றுக்கொன்று இசைத்துவைப்பது ஆகியவைதான் வழி. '2.0' (2018) போல 3டியிலேயே எடுக்கும் படங்கள் இங்கே மிகக் குறைவு.

இவை எல்லாவற்றையும் சரியாகச் செய்த படத்தையும் தியேட்டர் கெடுத்துவிடலாம். தட்டைப் படத்துக்குத் திரையில் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது தரம். 3டிக்குக் கண்ணாடி வழியே 4.5 இருந்தால் போதும் என்று வைத்து, அதற்கேற்பத்தான் நிறம் சரிசெய்து அனுப்புகிறார்கள். ஒரே புரொஜெக்டர் இரு கண்களுக்கும் மாறி மாறி நொடிக்கு 144 முறை படம் காட்டுவதால் ஒவ்வொரு கண்ணுக்கும் பாதி நேரம் இருட்டு. லென்ஸ் முன்னுள்ள போலரைசர் (ஒளி அதிரும் திசையை வைத்து இரு கண் படங்களையும் பிரிக்கும் வடிகட்டி) மேலும் பாதிக்கு மேல் தின்றுவிடும். மிச்சத்தில் கொஞ்சம் நம் கண்ணாடி எடுத்துக்கொள்ளும். இதை ஈடுகட்டத்தான் ஒளியைக் கூடுதலாகத் திருப்பித்தரும் சில்வர் ஸ்கிரீன். சாதாரண வெள்ளைத் திரை போலரைசேஷனைக் கலைத்துவிடும் என்பதால் இந்த முறைக்கு அந்தத் திரை ஆகாது.

இவ்வளவு இழப்புக்குப் பிறகு, ஆயுள் முடியப்போகும் ஜெனான் விளக்கை, இன்னும் சில வாரம் ஓடட்டும் என்று கரண்டைக் குறைத்து எரித்தால் வெளிச்சம் 3 ஃபுட்-லாம்பர்ட்டுக்கும் கீழே இறங்கிவிடும். புரொஜெக்டர் அறை ஜன்னல் கண்ணாடியில் படிந்த தூசியும் தன் பங்குக்குக் குறைக்கும். அந்த வெளிச்சத்தில் கண்ணுக்கு நிறம் மங்கி, முகங்கள் சாம்பல் பூத்து, இரவுக் காட்சி வெறும் கறுப்பாகிவிடும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை வேட்டி கட்டியவர் வரும்போது, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். வேட்டிக்கு அருகே மங்கலாக இன்னொரு வேட்டி தெரிந்தால், மறு கண்ணின் படம் கசிகிறது என்று அர்த்தம். பழுது திரையிலோ ஃபில்டரிலோ இருக்கும். சில்வர் ஸ்கிரீனின் ஒளி நடுவில் குவிவதால் ஓர இருக்கைகளில் இன்னும் இருட்டு. டிக்கெட் எடுக்கும்போது நடு வரிசையின் நடுவைப் பாருங்கள்.

வெளிச்சமானியை இருக்கையில் வைத்து, கண்ணாடியை அதன் முன் பிடித்து, முழு வெள்ளைத் திரையை அளக்க ஐந்து நிமிடம் போதும். ஒவ்வொரு 3டி படம் மாறும்போதும் தியேட்டர்கள் அதை அளந்து, டிக்கெட் கவுன்டரில் எண்ணை எழுதி ஒட்டட்டும். தயாரிப்பாளர்கள் விளம்பரத்தில் '3டியில் எடுக்கப்பட்டது' அல்லது '3டிக்கு மாற்றப்பட்டது' என்று ஒரு வரி சேர்க்கட்டும். உங்கள் விமர்சகர்களும் 3டி படத்துக்கு நட்சத்திரம் போடும்போது எந்த மாதிரித் திரையில், எந்த இருக்கையில் பார்த்தார்கள் என்று குறிப்பிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஒளிப்பதிவு, திரையிடல் தொழில்நுட்பர்கள் சிலர்,
சென்னை.