அப்பா நலம், எல்லோருக்கும் நன்றி

அப்பா நேற்று எழுந்து உட்கார்ந்து ஓட்ஸ் கஞ்சி குடித்தார். உப்புப் போதவில்லை என்று குறையும் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு எழுதக் கை வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் மாட்டுப் பண்ணையில் அப்பாவுக்குத் திடீரென்று உடம்பு முடியாமல் போனது உங்களுக்குத் தெரியும், பாதிப் பேர் கூடவே இருந்தீர்கள். திரும்பச் சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

அன்று பகல் முழுக்க அப்பா எவ்வளவு சந்தோஷமாக இருந்தார்! இங்கே பின்லாந்தில், குவோப்பியோ நகரில் கலகுக்கோ என்ற மீன் ரொட்டி சுடும் இடத்தை விட்டு நகரவே மாட்டேன் என்றார். சின்னச் சின்ன மீனையும் பன்றி இறைச்சியையும் ரை மாவுக்குள் பொதிந்து மணிக்கணக்கில் வேகவிடுகிறார்களே, முள் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கரைந்துவிடும் என்றதும் ஒரு துண்டு வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தார். அப்புறம் லாபின்லஹ்தி பக்கத்து மாட்டுப் பண்ணை. ஊரில் மாடு வைத்திருந்தவர் இல்லையா, வெளியே மைனஸ் 22 இருக்கும்போது மாடுகளின் உடல் சூட்டிலேயே கொட்டகை கதகதப்பாக இருப்பதைப் பார்த்து அசந்துபோனார்.

அங்கே எங்களுக்குச் சுற்றிக் காட்டிய தம்பதிக்கு அன்று விடுப்பு. இந்த நாட்டில் மாடு வளர்ப்பவர்களுக்கு வருடத்தில் 26 நாள் விடுப்பு உண்டு. அந்த நாட்களில் அவர்களுக்குப் பதிலாக மாடு பார்க்க லோமித்தாயா என்ற பணியாளர் வருவார். அன்று வந்தது ஒரு இளம்பெண். கொட்டகைக்குள் நுழைந்தபோது தலையசைத்து "மொய்" என்று இவர்கள் மொழியில் வணக்கம் சொன்னாள், அவ்வளவுதான். அவளோடு வேறு பேச்சே இல்லை.

சாயங்காலம் அப்பாவுக்காக அவசர உதவி எண் 112-க்குப் பேசியபோது, ஆம்புலன்ஸுக்கு வழி காட்ட பெரிய சாலை முனையில் ஆள் ஒருவரை நிறுத்தச் சொன்னார்களாம். பண்ணை உள்ளே ஒரு கிலோமீட்டர். இருட்டிவிட்டது, பெயர்ப்பலகையைப் பனி மூடியிருந்தது. நாங்கள் எல்லோரும் அப்பாவைச் சுற்றி நின்றோம். கறவை நடுவில் இருந்த அந்தப் பெண் மாடுகளை அப்படியே விட்டுவிட்டு, கொட்டகை உடுப்போடு கைவிளக்கை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். அரை மணி நேரத்துக்கு மேல் அந்தக் குளிரில் தனியாக நின்று, ஆம்புலன்ஸைத் திருப்பிவிட்டிருக்கிறாள். பின்னால் இன்னொரு வண்டி வரும் என்று கேள்விப்பட்டு அதற்கும் நின்றிருக்கிறாள். பிறகு நடந்தே திரும்பி வந்து, மடி கனத்துக் கத்திக்கொண்டிருந்த மாடுகளைக் கறந்து முடித்திருக்கிறாள்.

இதெல்லாம் மறுநாள் பண்ணைக்கார அக்கா போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "இங்கே யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்" என்றார். இருக்கலாம். அக்கம்பக்கத்து வீடே ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரில், ஒருவருக்காக ஒருவர் சாலையில் போய் நிற்பது அவர்களுக்குப் பழக்கமாக இருக்கலாம். எங்களுக்கு அது அப்பாவின் உயிர். பெண்ணே, உன் பெயர்கூட எனக்குத் தெரியாது. நீ நல்லா இருக்கணும்.

பண்ணைத் தம்பதிக்கும், அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்திருந்த தோழிகளுக்கும், பிள்ளைகளைத் தூங்கவைத்தவர்களுக்கும், ஓட்டுநருக்கும், இத்தனை நாளும் சோறு கட்டிக் கொடுத்தனுப்பிய வீடுகளுக்கும், மருத்துவமனைச் செவிலியர்களுக்கும் தனித்தனியாக வந்து நன்றி சொல்வேன்.

நான் செஞ்சிலுவைச் சங்கத்தின் முதலுதவி வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டேன், யாராவது கூட வந்தால் நல்லது. போனில் 112 சுவோமி செயலியையும் போட்டுக்கொள்ளுங்கள். அதன் வழியாக அழைத்தால் நாம் நிற்கும் இடம் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

பனிக்காலம் முடிந்து மாடுகளை மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிடும் நாளில், மே மாதம், அவை கன்றுக்குட்டி மாதிரித் துள்ளுமாம். அதைப் பார்க்க வரச்சொல்லி அந்த அக்கா கூப்பிட்டிருக்கிறார். லோமித்தாயா பெண்ணையும் வரச் சொல்கிறேன் என்றார். மருத்துவர் சரி என்றால் அப்பாவும் வருகிறார். முறுக்குச் சுற்றும் வேலையை அம்மா ஏற்றுக்கொண்டுவிட்டார்.