முகப்புப் பக்கத்தை அடுக்குகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓடிடி தளங்களில் எந்தப் படம் முதலில் கண்ணில் பட வேண்டும் என்று முடிவு செய்கிறவர்களுக்கு,

வணக்கம்.

என் தம்பி மகள் சமீபத்தில் ‘கொட்டுக்காளி’ (2024) பார்த்தாள். பின்னணி இசையே இல்லாமல் ஒரு தமிழ்ப் படமா என்று அவளுக்கு ஒரே வியப்பு. எழுபது வருடத்துக்கு முன்னாலேயே ஒருவர் பாட்டே இல்லாமல் படம் எடுத்திருக்கிறார், தெரியுமா என்று கேட்டேன். உடனே பார்க்க வேண்டும் என்றாள். அவள் சந்தா கட்டும் தளத்தில் தேடினோம், கிடைக்கவில்லை. வேறோர் இடத்தில் கிடைத்த பிரதியிலோ அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டியதில் பாதிப் பேருக்கு நெற்றியே இல்லை. கால் மணி நேரத்தில் எழுந்து போய்விட்டாள்.

அது எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954). ஏவிஎம் தயாரிப்பு. பாட்டில்லாமல் தமிழ்ப் படம் ஓடுமா என்று கேட்ட காலத்தில் துணிந்து எடுத்த படம். 1943 அக்டோபரில், சென்னையில் ஜப்பானியரின் குண்டு விழும் நேரத்தில் கதை நடக்கிறது. படம் தொடங்கியதுமே சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். கதாநாயகனே போய்விட்டான், இனி என்ன இருக்கிறது என்று நினைக்கும்போதுதான் ஒவ்வொருவராக வந்து தங்கள் பக்கத்துக் கதையைச் சொல்கிறார்கள். யார் சுட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பழைய படம் என்றால் மெதுவாகத்தான் போகும் என்று நம்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் படம் இதுதான்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஒரு படம் முடிந்ததும் ‘அடுத்து இதைப் பாருங்கள்’ என்று ஓர் இடம் வைத்திருக்கிறீர்களே, அங்கே போன மாதம் வந்த இன்னொரு படத்தை வைக்காமல், பார்த்த படத்துக்கு உறவான ஒரு பழைய படத்தை வையுங்கள். புதுப் படத்தில் மனம் ஊறியிருக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் பழைய படத்துக்குள் நுழைவது சுலபம். அப்புறம் கேட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்பார்கள்.

மணிகண்டனின் ‘கடைசி விவசாயி’ (2022) முடிந்ததும் பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) வரட்டும். ‘கடைசி விவசாயி’யில் நடித்த நல்லாண்டி ஐயா நிஜமாகவே விவசாயி. படம் வெளிவரும் முன்பே மறைந்துவிட்டார். செத்துக் கிடந்த மயில்களைப் புதைத்ததற்காக வழக்கில் மாட்டும் கிழவராக அவர் நடித்ததாகவே தோன்றாது. ‘வீடு’ படத்திலும் ஒரு முதியவர் இருக்கிறார், சொக்கலிங்க பாகவதர். பேத்தி கட்டிக்கொண்டிருக்கும் வீட்டைத் தனியாகப் பார்க்க வந்து, பூசாத சுவரைத் தடவித் தடவி நடப்பார். வசனம் கிடையாது, இளையராஜாவின் இசை மட்டும்தான். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும். அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த இந்தப் படத்தின் மூல நெகட்டிவ் அழிந்துவிட்டதென்று பாலு மகேந்திராவே வருந்தியிருக்கிறார். எஞ்சியிருப்பதையாவது நல்லபடியாகக் காட்ட உங்களால் முடியும்.

தமிழோடு நிறுத்த வேண்டாம். ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸின் ‘பெர்ஃபெக்ட் டேஸ்’ (2023) பார்த்தவர்களுக்கு ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’யை (1953) காட்டுங்கள். ஓசுவைத் தேடி டோக்கியோவுக்கே போய் ஓர் ஆவணப்படம் எடுத்தவர் வெண்டர்ஸ். ‘காக்கா முட்டை’ பிடித்தவர்களுக்கு ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ (1948) கட்டாயம் பிடிக்கும். மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’, ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’ இரண்டையும் எந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாலும் சரி, வைத்தால் போதும்.

கூடவே சில சின்ன வேலைகள். சதுரமாக எடுத்த படத்தைச் சதுரமாகவே காட்டுங்கள், இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள். இயக்குநர் பெயரையும் ஆண்டையும் போடுங்கள். வசன வரிகள் சேருங்கள். தமிழில் தட்டச்சு செய்து தேடினாலும் படம் வர வேண்டும்.

தம்பி மகளிடம், நல்ல பிரதி கிடைத்ததும் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ‘அந்த நாள்’ படத்திலிருந்தே தொடங்குங்களேன்.

அன்புடன்,
உங்கள் சந்தாதாரர்களில் ஒருவர்