இந்த நாயை எங்கே விடச் சொல்கிறீர்கள்?

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நாயோ பூனையோ, வீட்டுக்கு இரண்டுக்கு மேல் கூடாது என்ற விதியை நீங்களே கொண்டுவந்தீர்கள்; அதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதன்படி எங்கள் வீட்டுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. 'கூடுதல் விலங்கை' கெடுவுக்குள் அப்புறப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் நீங்களே வந்து பிடித்துப் போவீர்கள் என்று எழுதியிருக்கிறது.

அந்தக் கூடுதல் விலங்கு என் அம்மா வளர்த்த நாய். அம்மா போன பிறகு எங்களிடம் வந்தது. வயது பதின்மூன்று ஆகிறது, இரண்டு கண்ணிலும் புரை. எங்கள் பழைய நாய் நடந்தால் அதன் விலாவில் தோளை ஒட்டிக்கொண்டே இதுவும் நடக்கும். படி வரும் இடத்தில் அது நின்றால் இதுவும் நிற்கும். தரையை மோந்து பார்த்துவிட்டுத்தான் முன்காலை இறக்கும். தண்ணீர்க் கிண்ணம் ஒரு சாண் தள்ளியிருந்தாலும் தடுமாறிப் போகும் என்பதால், வீட்டில் ஒரு நாற்காலியைக்கூட நாங்கள் இடம் மாற்றுவதில்லை. இதை எங்கே விடச் சொல்கிறீர்கள்? காப்பகங்களில் கேட்டேன். குட்டிகளுக்கே இடமில்லை, கண் தெரியாத கிழட்டு நாயை யார் எடுப்பார்கள் என்றார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். விதி வருவதற்கு முன்பே ஒரு வீட்டில் இருந்த விலங்குகளை, அவற்றின் ஆயுள் முடியும்வரை அங்கேயே இருக்க விடுங்கள்.

குரைப்பு, நாற்றம், கடி என்று அக்கம்பக்கத்தார் சொல்லும் புகார்கள் உண்மையானவை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தலையை எண்ணினால் அவை தீருமா? நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும் ஒற்றை நாய் போதும், தெருவே தூங்க முடியாது. கருத்தடை செய்யாத ஒரு ஆண் பூனையும் ஒரு பெண் பூனையும் உங்கள் கணக்கில் சரி. பெண் பூனை நாலைந்து மாதத்திலேயே சினை பிடிக்கும், சுமார் 65 நாளில் நாலைந்து குட்டி போடும். கருத்தடை செய்த மூன்று கிழட்டுப் பூனைகளோ குற்றம்.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. மனிதர்களுக்கு ரேபிஸ் வருவதில் 99 சதவீதம் நாய்கள் மூலம்தான். அந்தத் தொற்றைத் தடுக்க 70 சதவீத நாய்களுக்காவது தடுப்பூசி போட்டாக வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. மூன்றாவது நாய் வைத்திருப்பவர் இனி அதை உங்கள் முகாமுக்கு அழைத்து வருவாரா? மாட்டார். உரிமமும் எடுக்க மாட்டார், பின்கட்டில் மறைத்துத்தான் வளர்ப்பார். இந்த விதியை எழுதும் முன் ஒரு கால்நடை மருத்துவரையாவது கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பாரே!

எங்களைக் கேட்கவில்லை என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. தெருவிளக்கு எரியவில்லை என்று மனு கொடுத்தாலும் பதில் வருவதில்லை. கொட்டிலில் அடைத்துக் குட்டிகளை விற்பவர்கள் மீது புகார் கொடுத்தாலும் யாரும் வருவதில்லை. ஒழுங்காக உரிமம் எடுத்து, முகவரி கொடுத்தவர்கள் வீட்டுக்குத்தான் நோட்டீஸ் உடனே வருகிறது. இது தனிப் புகார், இன்னொரு நாள் பேசலாம்.

இப்போதைக்கு, ஏற்கெனவே வீட்டில் இருப்பவற்றுக்கு விலக்கு கொடுங்கள். இனி வருபவற்றுக்கு இடம், சுத்தம், தடுப்பூசி, கருத்தடை ஆகியவற்றைப் பார்த்து அனுமதி தருவதா வேண்டாமா என்று முடிவெடுங்கள். கெடு முடிவதற்குள் ஒரு கால்நடை மருத்துவரை எங்கள் வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டு விலங்குகள் மூன்றின் தடுப்பூசி அட்டைகளும் கருத்தடைச் சான்றுகளும் தயாராக இருக்கின்றன. அவர் அறிக்கை தரும்வரை நோட்டீஸை நிறுத்திவைக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நகராட்சிக்கு வரி கட்டும் ஒரு குடியிருப்பாளர்