டீ கிளாஸ் குறித்து மூன்றாவது மனு

அனுப்புநர்: ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. மாத்திரை சிகிச்சை) மைய ஆலோசகர் (ஒப்பந்தப் பணி), தாராவி, மும்பை.

பெறுநர்: உயர்திரு சுகாதார அதிகாரி அவர்கள், மும்பை.

பொருள்: எச்.ஐ.வி. பிரிவு ஊழியர்களைச் சக ஊழியர்களே ஒதுக்குவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மராத்தியில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று என ஏற்கெனவே இரண்டு மனு கொடுத்தேன். இரண்டிலும் முத்திரை விழுந்தது, பதில் வரவில்லை. தாங்கள் தமிழர் என்று பியூன் சொன்னதால் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயர் பழைய மனுக்களில் இருக்கிறது.

1. எங்கள் மையத்தில் ஐந்து பேர், வராந்தாவின் கடைசி அறை. மற்ற பிரிவுகளில் அதற்கு 'அந்த ரூம்' என்று பெயர். ஃபைல் கொண்டுவரும் வார்டு பாய் வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார்.

2. சம்பளம் தாமதமாவது தனிக் கதை. அதை இங்கே எழுதவில்லை.

3. டீ. பதினொரு மணிக்கு கேன்டீன் பையன் தட்டில் கட்டிங் சாய் கொண்டுவருவான். ஒரு நாள் என் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தபோது அடியில் சிவப்பு நெயில் பாலிஷ் புள்ளி. எங்கள் ஐந்து கிளாஸிலும் இருந்தது, வேறு யாருடையதிலும் இல்லை. "மாறிடக் கூடாதுன்னு சிஸ்டர்தான் வெச்சாங்க மேடம்" என்றான் பையன். நகத்தால் சுரண்டி எடுத்தேன். மறுநாள் புதுப் புள்ளி, முன்னதைவிடப் பெரிதாக. டிசம்பர் 1, எய்ட்ஸ் தினத்தன்று சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டு போட்டோவுக்கு முன்வரிசையில் நின்றவரும் அதே சிஸ்டர்தான்.

எச்சில் கிளாஸால் எச்.ஐ.வி. பரவாது என்று தினமும் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, ரத்தத்தில் வைரஸ் தென்படாத நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவில்கூடப் பரவாது என்றும் சொல்கிறேன். சொல்லி முடித்ததும் புள்ளி வைத்த கிளாஸில் டீ குடிக்கிறேன். எங்களில் யாருக்காவது தொற்று இருந்தால்தான் என்ன ஐயா? அப்போதும் அந்தப் புள்ளிக்கு வேலை இல்லையே!

போன மாதம் மாத்திரை வாங்க வந்த திருநெல்வேலி ஆச்சி ஒருவர் மேஜையில் கவிழ்த்து வைத்திருந்த கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒனக்கும் தனி கிளாஸா தாயி? எங்க வீட்ல எனக்கும் இப்படித்தான் அடையாளம் வெச்சிருக்காவ" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

4. எங்கள் நர்ஸ் வேலையை விட்டுவிட்டார். புகுந்த வீட்டில் டி.பி. வார்டில் வேலை என்று சொல்லி வைத்திருந்தார். கும்பார்வாடா சந்தில் பேசினால் தொண்ணூறு அடி சாலை வரை கேட்கும், தாங்கள் அறியாததா? ஒரு நாள் விஷயம் தெரிந்துவிட்டது. காற்றில் பரவும் டி.பி.க்கு இருக்கும் மரியாதை இதற்கு இல்லை ஐயா! எச்.ஐ.வி.க்கு அரசு இலவச மாத்திரை கொடுக்கத் தொடங்கியது 2004-இல். இன்னும் எத்தனை வருடம் வேண்டும்?

5. எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் 2017-இல் வந்தது, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ உள்ள மருத்துவமனையில் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். எங்களுக்கு யார் என்று ஆபீஸில் கேட்டேன். சிரித்தார்கள்.

புகார் அலுவலரை நியமிக்க உத்தரவிடுங்கள். புள்ளி வைப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். மூன்றாவது முறையாகக் கேட்கிறேன், நிறுத்தச் சொல்லுங்கள். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு நாள் பதினொரு மணிக்குச் சொல்லாமல் வாருங்கள். டீ நாங்கள் தருகிறோம். குடித்துவிட்டு கிளாஸைக் கவிழ்த்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆலோசகர், 'அந்த ரூம்'