மந்த மாதத்து டார்கெட்டை எங்கள் சம்பளத்தோடு கட்டாதீர்கள்: ஜவுளிக்கடை முதலாளிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்து ஜவுளிக்கடை முதலாளிமார்களுக்கு,

வணக்கம். சேலைப் பிரிவில் பல வருடங்களாக நின்று விற்கிறவள் எழுதுகிறேன். தீபாவளிக்குப் பிறகு வியாபாரம் எப்படிப் படுத்தது என்பதை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பில் கணக்கைத் தினமும் ராத்திரி பார்ப்பவர்கள் நீங்கள்.

டார்கெட் முடிக்காவிட்டால் இன்சென்டிவ் கிடையாது என்பது பழைய வழக்கம். அதைக் குறைசொல்லி நாங்கள் யாரும் பேசியதில்லை. இந்த மாதம் நடந்தது வேறு. அடிப்படைச் சம்பளத்திலேயே ஒரு பகுதியை நிறுத்திவிட்டு, "தை முகூர்த்தத்தில் விற்றுக் காட்டு, சேர்த்துத் தருகிறோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் கடையில் மட்டும்தான் என்று நினைத்தேன். புதுவயல் பஸ்ஸில் கூட வருகிற வேறு கடைப் பிள்ளைகளும் இதையேதான் சொல்கிறார்கள். அதே வாரத்தில், எங்கள் லீவு நாளில், வெளியூரிலிருந்து ஒருவரை வரவழைத்து எங்களுக்கு ஊக்கம் ஊட்டும் வகுப்பும் நடத்தினீர்கள். மனசு வைத்தால் முடியாதது இல்லை என்று இரண்டு மணி நேரம் பேசினார். சம்பளம் குறைந்த வாரத்தில் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

எல்லாவற்றிலும் எங்களை அதிகம் வதைப்பது அந்த வாக்-அவுட் நோட்டு. வந்தவர் வாங்காமல் போனால், அவருக்குச் சேலை காட்டியவள் நோட்டில் காரணம் எழுதி, ஃப்ளோர் மேனேஜரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கலர் இல்லை என்று எழுதலாம், டிசைன் பிடிக்கவில்லை என்று எழுதலாம். "கையில் காசில்லை" என்று மட்டும் எழுதக் கூடாது. போன வாரம் ஓர் அம்மா மகள் கல்யாணத்துக்கு வைத்துக்கொடுக்கிற சேலைகள் பார்க்க வந்தார். இருபது சேலை என்று ஆரம்பித்து, பத்தாகி, கடைசியில் "பவுனுக்கே எல்லாம் போயிடுச்சும்மா, அப்புறம் வர்றேன்" என்று எழுந்துவிட்டார். நான் அதை அப்படியே எழுதினேன். மேனேஜர் அந்த வரியை அடித்துவிட்டு, "பேசிய விதம் சரியில்லை" என்று என் கையாலேயே எழுத வைத்தார். அந்த அம்மாவிடம் நான் என்ன தப்பாகப் பேசினேன் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

அந்த ஒரு வரி என்ன செய்கிறது தெரியுமா? அடுத்து வருகிறவரை ஆளாகப் பார்க்க முடியவில்லை. நோட்டில் ஏறப்போகிற ஒரு வரியாகத்தான் தெரிகிறார். படியேறி ஒருவர் வந்தால் நாலு பேர் ஓடுகிறோம். அந்த ஓட்டத்தைப் பார்த்தே அவர் "சும்மா பாத்துட்டுப் போறேன்" என்று ஒதுங்குகிறார். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட பிள்ளைகள், கஸ்டமரை யார் முதலில் கூப்பிட்டது என்று முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கிறார்கள். விற்பனையைக் கூட்டத்தான் இந்த நோட்டு வைத்தீர்கள். வாசல்வரை வந்தவரை அது திருப்பி அனுப்புகிறது.

காசில்லை என்பது காரணமே இல்லை என்று இந்த ஊரில் எப்படிச் சொல்ல முடிகிறது? 1930-களின் உலக மந்தத்தில் பர்மாவில் நெல் விலை விழுந்தபோது கடன் வாங்கிய விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 சதவீத விளைநிலம், நம் பக்கத்திலிருந்து போய் அங்கே வட்டிக்குக் கொடுத்த செட்டியார்கள் வசம் இருந்தது. 1938-இல் அது 25 சதவீதமாயிற்று. கொடுத்த பணம் வரவில்லை, அதற்குப் பதிலாக நிலம் வந்தது. அங்கே அவர்களுடைய வட்டிக்கடைகளைப் பார்த்துக்கொண்ட மேலாள்கள் பேசத் தெரியாதவர்களா? கொடுக்கிறவர் கையில் இல்லாதபோது எந்தக் கெட்டிக்காரப் பேச்சும் பணத்தை வரவழைக்காது என்பது இந்த ஊர் அனுபவித்துத் தெரிந்துகொண்டது.

இப்போதும் அப்படித்தான். கல்யாண வீட்டுப் பணம் முதலில் நகைக்குப் போகிறது, மிச்சம்தான் ஜவுளிக்கு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரில் ஆர்டர் குறைந்தது. நம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே பனியன் கம்பெனிகளில் இருக்கிறார்கள்! அவர்கள் அனுப்புகிற பணம் குறைந்தால் அதை நம் கடையில்தான் பார்ப்போம். இது எதுவும் என் பேச்சால் வந்ததில்லை.

செட்டியார்கள் கடல் கடந்து கடை நடத்திய அந்தக் காலத்தில் ஆளை அனுப்பும்போது சம்பளச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். மூன்று வருடக் கணக்கு அது. வீட்டுச் செலவுக்கு முன்பணமும் உண்டு. லாபத்தில் பங்கு, கணக்கு முடிக்கும்போது கிடைக்கும். ஒரு மாதம் வசூல் குறைந்ததென்று ஊரில் இருக்கிற குடும்பத்தின் அரிசியில் கை வைக்கவில்லை. அந்த முறையில் குறைகளும் இருந்திருக்கும். ஆனாலும் நல்ல மாதத்தையும் மோசமான மாதத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். எங்களையும் அப்படிப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். முகூர்த்தமே இல்லாத மார்கழிக்கும் முகூர்த்தம் உள்ள ஆவணிக்கும் ஒரே டார்கெட் எப்படிச் சரியாகும்?

எங்களுக்கு ஊக்கம் வேண்டும் என்பது உண்மை. காலி கடையில் மடித்த சேலையையே திரும்ப மடித்துக்கொண்டு நிற்பதில் மனசு செத்துப்போகிறது. அதற்கு மேடைப் பேச்சு தேவையில்லை. சேலையை வாங்குவது கஸ்டமர் கையில் இருக்கிறது. பழைய கஸ்டமரைக் கூப்பிட்டு நலம் விசாரிப்பதும், யார் வீட்டில் எப்போது கல்யாணம் என்று குறித்துவைப்பதும், சரக்கைத் தெரிந்து வைத்திருப்பதும் என் கையில் இருக்கிறது. என் கையில் இருப்பதை எண்ணிக் கேளுங்கள், ராத்திரி எட்டு மணிவரை கணக்குக் கொடுக்கிறேன். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய கண்டாங்கிச் சேலையை இந்த ஊரிலேயே நெய்கிறார்கள். ஆனால் எங்கள் கடையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளில் ஒருத்திகூடத் தறியைப் பார்த்ததில்லை. கூட்டமில்லாத ஒரு மதியம் அவர்களை நெசவாளர் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். அந்தக் கெட்டிப் பருத்தி நூல் எப்படி வருகிறது, கரை ஏன் அவ்வளவு அகலம் என்று தெரிந்துகொண்டு வந்தவள் சேலையை விரித்துப் போடுகிற விதமே வேறாக இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு பொறுக்கவில்லை. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. எங்கள் தளத்தில் ஸ்டூல்கள் இருக்கின்றன. அவற்றின் மேல் தள்ளுபடிப் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். ஆளில்லாத கடையில் காலையிலிருந்து நிற்கிறோம். கால் வீங்கியவளிடம் சிரித்த முகத்தைக் கேட்கிறீர்கள். இதற்கெல்லாம் ஒரு கோரிக்கை, ஒரு மடல் எழுத வேண்டியிருக்கிறதே என்று கோபம் வருகிறது.

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். உங்களுக்கும் வாடகை, கரண்ட் பில், வட்டி எல்லாம் ஏறித்தான் இருக்கிறது, தெரியும். தயவுசெய்து கேட்டுக்கொள்கிறேன். நிறுத்திவைத்த அடிப்படைச் சம்பளத்தைப் பொங்கலுக்கு முன் கொடுங்கள். இனி எந்த மந்த மாதத்திலும் டார்கெட்டை அந்தச் சம்பளத்தோடு கட்டாதீர்கள். இன்சென்டிவை வருடக் கணக்காகப் பாருங்கள். வாக்-அவுட் நோட்டில் உண்மைக் காரணத்தை எழுத விடுங்கள். அதைப் படித்தால் எந்த விலையில் சரக்கு எடுக்கலாம் என்பது உங்களுக்கும் தெரியும். இதைப் பேச எங்களில் நாலு பேரைக் கூப்பிட்டால், கடை திறப்பதற்கு முன் எந்த நாளிலும் வருகிறோம்.

இப்படிக்கு,
சேலைப் பிரிவில் நிற்கும் ஒரு விற்பனைப் பெண்,
காரைக்குடி