எடுத்துப் போட வேண்டியதுதானே என்கிறாய்

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. "கட்டி என்று தெரிந்த பிறகும் ஏன் உள்ளேயே வைத்திருக்கிறாய், எடுத்துப் போட வேண்டியதுதானே?" என்று அதட்டியிருக்கிறாய். சரி, விவரமாகவே சொல்கிறேன்.

பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஸ்கேன் எடுத்தார்கள். கல் இல்லை, கல்லீரலின் வலது பக்கத்தில் 4 செ.மீ. அளவில் இது தெரிந்தது. ஹெமாஞ்சியோமா. ரத்தக்குழாய்கள் பின்னிப் பஞ்சு மாதிரி ஆகிவிட்ட இடம். உள்ளே ரத்தம் மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும். கல்லீரலில் வருகிற சாதுவான கட்டிகளில் அதிகம் காணப்படுவது இதுதானாம், அதுவும் பெண்களிடம். புற்றுநோயாக மாறாது. நிறைய பேர் இது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள்.

ஊசியால் குத்திச் சதை எடுத்துப் பார்க்க வேண்டாமா என்று நானும் கேட்டேன். ரத்தம் நிறைந்த இடம், கசிவு வரலாம் என்பதால் பொதுவாகச் செய்வதில்லையாம். அதற்குப் பதில் நரம்பில் மருந்து செலுத்தி எம்ஆர்ஐ எடுத்தார்கள். மருந்து முதலில் ஓரங்களில் திட்டுத்திட்டாகப் பிடித்து, மெல்ல மெல்ல நடுவை நோக்கி நிரம்பியது. அதை வைத்தே இன்னதென்று சொல்லிவிட முடிகிறது. டாக்டர் படத்தைக் காட்டினார். அவ்வளவு பயத்திலும், பார்க்க அழகாகத்தான் இருந்தது!

பெரிதாகி வயிற்றை அழுத்தினாலோ, வலி தாங்காவிட்டாலோ அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிப்பார்கள். எனக்கு அப்படி எதுவும் இல்லை. தொந்தரவு தராமல் சும்மா கிடக்கிற ஒன்றுக்காகக் கல்லீரலில் கத்தி வைக்கச் சொல்கிறாயா?

சும்மா இருப்பதுதான் கஷ்டம், அதை ஒப்புக்கொள்கிறேன். விலாவுக்குக் கீழே லேசாகப் பிடித்தாலும் கை அங்கே போய்விடுகிறது. பாதி நேரம் வெறும் வாயுதான். பார்க்கிறவர்கள் எல்லாம் ஆளுக்கொரு கஷாயம் சொல்கிறார்கள். எதைச் சாப்பிட்டாலும், எதை விட்டாலும் இது கரையாது. ஹார்மோன் மாத்திரை எடுப்பதாக இருந்தால் மட்டும் தன்னைக் கேட்டுவிட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அப்புறம், வளர்கிறதா என்று பார்க்க மறுபடி ஒரு ஸ்கேன்.

உன் தம்பிக்கு முதுகெலும்பில் இதே பெயரில் ஏதோ இருப்பதாக ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறதாமே. அங்கேயும் இது சகஜம், பெரும்பாலும் தொந்தரவு தராது. அவன் முதுகுவலிக்குக் காரணம் வேறாக இருக்கலாம். ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பாதே, டாக்டரிடம் காட்டச் சொல். காட்டிவிட்டு என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
கல்யாணி