விவாகரத்து முடியுமுன் மரணம்: சொத்து யாருக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

விவாகரத்து வழக்கு நடக்கும்போது ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், பிரிந்துபோன துணைக்கு ஒன்றும் கிடைக்காது என்றே நம் குடும்பங்களில் பலர் நம்புகிறார்கள். அது தவறு. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதோருக்கு, நீதிமன்றம் தரும் இடைக்கால விவாகரத்து ஆணை வழக்கமாக மூன்று மாதம் கழித்து இறுதியானால்தான் திருமணம் முறியும். அதற்குள் மரணம் நேர்ந்தால் வழக்கு நின்றுவிடும். எத்தனை வருடம் தனித்து வாழ்ந்திருந்தாலும் துணை துணைதான்.

1958-ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டப்படி துணைக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி, இறந்தவரின் பெற்றோருக்குக் கால். பெற்றோர் இல்லையென்றால் துணைக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு.

வீடு, நிலம் உட்பட மொத்த மதிப்பு 50 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டாவிட்டால் சொத்தைப் பிரித்துத் தரும்படி நில அலுவலகத்திலேயே ஏ பாரம் கொடுத்து மனுச் செய்யலாம். கோபத்தில் அந்த மனுவில் துணையின் பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள். பிறகு அவர் ஆட்சேபித்தால் பிள்ளைகளின் பங்கும் சேர்ந்தே முடங்கும்.

வழக்குத் தொடுக்கும் வாரத்திலேயே உயில் எழுதுங்கள். சாட்சிகள் இருவர் வேண்டும். சொத்துப் பெறுபவரோ அவருடைய துணையோ சாட்சியாகக் கூடாது. ஊழியர் சேமநிதி உயிலுக்குக் கட்டுப்படாது. முன்பு துணையை வாரிசாக நியமித்திருந்தால், புதிய நியமனம் செய்யாதவரை அப்பணம் அவருக்கே போகும்.

இப்படிக்கு,
வாசகர், ஜார்ஜ்டவுன், பினாங்கு